டியூபா: ஒரு மணி நேரத்தில் உடம்பு ஓய்ந்துபோகிறது. எங்கே சிரமத்தைக் குறைக்கலாம்?

அடிஸ்தாயி:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 57 வயது. இளவயதில் பன்னிரண்டு வருடம் டியூபா வாசித்தேன், அடிநாதம் தரும் பெரிய பித்தளை ஊதுகருவி. பிறகு வேலை, குடும்பம் என்று அப்படியே விட்டுப்போயிற்று. போன வருடம் மறுபடி எடுத்தேன். நான்கு பிஸ்டன் வால்வு (விரலால் அழுத்தினால் குழாயின் நீளம் மாறும்) உள்ள பி பிளாட் சுருதி டியூபா, எடை 10 கிலோவுக்குப் பக்கம். நான் விட்டபோது இருந்ததை விடவும் பழைய கருவி.

விரல்கள் எல்லாவற்றையும் மறக்காமல் வைத்திருக்கின்றன. உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. அரை மணி நேரத்தில் இடது தோள்பட்டை இறுகிவிடுகிறது. ஒரு மணி நேரம் ஆனால் இடுப்பு வலி. கீழ் ஸ்தாயியில் நீண்ட நோட்டுகள் தொடர்ந்து வந்தால் தலை லேசாகச் சுற்றுகிறது. ஒத்திகை முடிந்த மறுநாள் எழுந்திருக்கவே மனம் வராது. மருத்துவரிடம் காட்டினேன். இதயம், நுரையீரல், ரத்த அழுத்தம் எல்லாம் சரி, வாசிக்கலாம் என்றார்.

தெரிந்தவர்கள் எல்லாரும் இதை விற்றுவிட்டு இலேசான வாத்தியம் ஏதாவது எடுத்துக்கொள் என்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமே இல்லை. ஒரு பேண்டின் அடியில் இருந்து மொத்த இசையையும் தாங்குகிற அந்த ஓசைக்காகத்தான் திரும்பி வந்தேன். எங்கே எவ்வளவு சிரமத்தைக் குறைக்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வெண்கலக்குரல்:

வாருங்கள் ஐயா, திரும்பி எடுத்ததே பெரிய சந்தோஷம். ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். டியூபா எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது? மடியிலா, இரண்டு தொடைக்கு நடுவே நாற்காலியிலா, ஸ்டாண்டிலா?

இதைக் கேட்கக் காரணம் உண்டு. தோள்பட்டை இறுகுகிறது என்றால் இடது கை கருவியைச் சுமக்கிறது என்று அர்த்தம். இடது கையின் வேலை கருவி பக்கவாட்டில் சாயாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். ஒரு சோதனை செய்து பாருங்கள். யாரையாவது பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். நடு ஸ்தாயியில் ஒரு நீண்ட நோட்டைப் பிடித்துக்கொண்டே இடது கையை மெதுவாக எடுங்கள். உதட்டை வைத்து ஊதும் மவுத்பீஸ் உதட்டிலிருந்து கீழே இறங்கினாலோ கருவி சரிந்தாலோ, இத்தனை நாளும் அந்த எடையைத் தாங்கியது உங்கள் தோள்தான்.

இன்னொன்றும் பாருங்கள். முதலில் கருவி இல்லாமல் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில், இடுப்பு முழங்காலை விடக் கொஞ்சம் உயரத்தில், தலை நேராக. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் டியூபாவைத் தூக்கி, மவுத்பீஸை உங்கள் உதட்டுக்குக் கொண்டுவரட்டும். நீங்கள் ஒரு அங்குலம்கூட அசையக் கூடாது. இப்போது கருவியின் அடிப்பாகத்துக்கும் நாற்காலிக்கும் (மடியில் வைப்பவராக இருந்தால் மடிக்கும்) நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அவரையே அளக்கச் சொல்லுங்கள். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது மடித்த துண்டோ, ஸ்பாஞ்சோ, உயரம் மாற்றக்கூடிய ஸ்டாண்டோதான். உங்கள் முதுகு அந்த வேலையைச் செய்யக் கூடாது.

சின்னக்குழல்:

நான் சொல்வது நேரான வழி. ஈ பிளாட் டியூபாவுக்கு, அதாவது சுருதி கொஞ்சம் உயர்ந்த சின்ன டியூபாவுக்கு, மாறிவிடுங்கள். பி பிளாட்டின் குழாய் 18 அடி, ஈ பிளாட் 13 அடி. சின்ன மூன்று வால்வு ஈ பிளாட் என்றால் எடையும் நன்றாகக் குறையும். 18 அடிக் குழாயை நிரப்பும் காற்றை 57 வயதில் எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? நான் மாறி நான்கு வருடம் ஆகிறது, ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. பிரிட்டிஷ் பித்தளை பேண்ட் முறையில் டிரெபிள் கிளெஃப் இசைக்குறியீட்டில் படித்துப் பழகியவராக இருந்தால் விரல் வைப்புகூட மாறாது.

மூச்சுக்கணக்கு:

சின்னக்குழல் அண்ணா, எடை விஷயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். காற்று விஷயத்தில் மாட்டேன். டியூபாக்காரர்களிடம் ரொம்பக் காலமாகப் புழங்கும் ஒரு தப்பான எண்ணம் இது. குழாயை யாரும் நிரப்ப வேண்டியதில்லை. நாம் ஊத ஆரம்பிக்கும் முன்பே அதில் காற்று இருக்கிறது. உதடு துடிக்கும்போது உள்ளே இருக்கும் அந்தக் காற்றுத்தூண் அதிர்கிறது, அதுதான் ஓசை. எவ்வளவு காற்று செலவாகும் என்பதைப் பெரும்பாலும் நோட்டின் ஸ்தாயியும் சத்தமும்தான் முடிவுசெய்கின்றன. அதே கீழ் நோட்டை அதே சத்தத்தில் ஈ பிளாட்டில் வாசித்தாலும் காற்றில் பெரிய லாபம் வராது. அந்த 18 அடிப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு ஊதுகிறவர் எப்போதும் தேவைக்கு மேல் தள்ளிக்கொண்டே இருப்பார். சோர்வு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ட்ரம்பெட்டின் மேல் ஸ்தாயிக்கு அழுத்தம் அதிகம், காற்று கொஞ்சம். டியூபாவின் கீழ் ஸ்தாயிக்கு நேர்மாறு: காற்று நிறைய, அழுத்தம் கொஞ்சம். கண்ணாடியில் ஆவி படிய "ஹா" என்று விடுகிறோமே, கிட்டத்தட்ட அந்த மூச்சு. வயிற்றை இறுக்கி, தொண்டையை அடைத்து, தம் கட்டித் தள்ளினால் அழுத்தம்தான் ஏறும். காற்றோட்டம் குறைந்துவிடும். உழைத்தது அத்தனையும் உடம்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். நுரையீரலும் விலா எலும்புக்கூடும் ரப்பர் மாதிரி. முழுதாக மூச்சு இழுத்த நிலையில் அவை தாமாகவே சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருக்கமே காற்றை வெளியே அனுப்பும், தசைக்கு வேலை குறைவு. சாதாரணமாக மூச்சு விட்டு முடிக்கும் இடம் வரை இந்த இலவச உதவி கிடைக்கும். அதற்குக் கீழேயும் ஒரு லிட்டருக்குக் குறையாமல் காற்று மிச்சம் இருக்கும். ஆனால் அதைப் பிழிந்துதான் எடுக்க வேண்டும். வயிறு, விலா, கழுத்து எல்லாம் சேர்ந்து இறுகும். ஒரு பெரிய சொற்றொடரை "எப்படியாவது ஒரே மூச்சில்" என்று இழுக்கும்போது கடைசி இரண்டு பாரில் (தாளக் கட்டத்தில்) நடப்பது இதுதான். அந்த இறுக்கம் அடுத்த மூச்சையும் கெடுத்துவிடும், ஏனென்றால் இறுகிய உடம்புக்குள் காற்று வேகமாக நுழையாது.

அதனால் காற்று தீர்ந்தபிறகு மூச்சு எடுக்காதீர்கள். பாதியிலேயே எடுங்கள். பென்சிலால் முன்கூட்டியே குறித்து வையுங்கள். பக்கத்தில் இன்னொரு டியூபா இருந்தால் இருவரும் ஒரே இடத்தில் எடுக்காமல் மாறி மாறி எடுங்கள். தனியாக இருந்தால் ஒரு சின்ன நோட்டை விட்டுவிடுங்கள். பாரின் முதல் நோட்டை மட்டும் விடாதீர்கள். மற்றது விடுபட்டதை யாரும் கவனிக்க மாட்டார்கள், தளர்ந்து நடுங்கும் நோட்டை எல்லாரும் கவனிப்பார்கள்.

மென்மையான இடங்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அங்கே கழுத்து வரை நிரப்பிக்கொண்டால் காற்றைத் தடுத்து நிறுத்துவதே பெரிய வேலையாகிவிடும். தேவையான அளவு எடுத்தால் போதும்.

ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் டியூபா வாசித்தவர். உலகம் முழுக்கப் பித்தளை வாத்தியக்காரர்களுக்கு மூச்சைப் பற்றிச் சொல்லிக்கொடுத்த அவருக்கு ஆஸ்துமா இருந்தது, நுரையீரல் கொள்ளளவும் குறைவு. அடிக்கடி மூச்சு எடுப்பது பலவீனம் என்று நினைக்கும் ஒவ்வொரு முறையும் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

தலைசுற்றல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழ் நோட்டுகளில் பெரிய மூச்சுகள் வேகமாக உள்ளே போய் வெளியே வரும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது, அதனால் வருவது. சுற்றினால் உடனே நிறுத்துங்கள். கருவியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடுங்கள். தாங்கிக்கொண்டு தொடர்வதில் எந்தப் பயனும் இல்லை.

சின்னக்குழல்:

காற்று பற்றி நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு இலேசானது எடை குறைந்ததாலும், என் பாகங்கள் கீழ் ஸ்தாயிக்கு அவ்வளவாக இறங்காததாலும் இருக்கலாம். ஆனாலும் அடிஸ்தாயி ஐயா ஒருமுறை ஈ பிளாட்டை மடியில் வைத்துப் பார்க்கட்டும் என்றே சொல்வேன். கைக்கும் வால்வுக்கும் உள்ள தூரம்கூடக் குறைகிறது. சின்ன உடம்புக்காரர்களுக்கு அதுவே பாதி நிம்மதி.

அடிஸ்தாயி:

எல்லாருக்கும் நன்றி. வெண்கலக்குரல் சொன்ன சோதனையை இன்று என் மகளை வைத்துச் செய்தேன். இடைவெளி ஆறு சென்டிமீட்டர்! நான் உயரமானவன், கருவியை மடியில் வைத்து வாசிக்கிறேன். மவுத்பீஸ் தாழ்வாக இருந்ததால் இத்தனை நாளும் குனிந்து, விலாவை மடக்கி, அதற்குள் மூச்சையும் இழுத்திருக்கிறேன். மகள் போட்டோ எடுத்துக் காட்டியபோது நம்பவே முடியவில்லை. இரண்டு பெரிய துண்டை மடித்து வைத்து வாசித்தேன். இடது கையை எடுத்துப் பார்த்தேன், கருவி அங்கேயே நின்றது. முதல் மூச்சிலேயே வித்தியாசம் தெரிந்தது.

ஆனால் கீழ் ஸ்தாயி இன்னும் கனமாகவே இருக்கிறது. ஊதுவதில் பாதி எங்கோ காணாமல் போவது போல ஓர் உணர்வு. இது வயதா, பயிற்சிக் குறைவா?

பட்டறைக்கை:

எங்கோ காணாமல் போகிறது என்றீர்களே, அந்த வார்த்தைக்காகத்தான் எழுதுகிறேன். உங்களைச் சந்தேகப்படும் முன் கருவியைச் சந்தேகப்படுங்கள். பித்தளை வாத்தியங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். மூச்சு போதவில்லை என்று வருகிறவர்களின் டியூபாவில் நான் முதலில் தேடுவது கசிவைத்தான். பழைய பிஸ்டன் தேய்ந்திருக்கும், உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் வாட்டர் கீயின் தக்கை காய்ந்து சுருங்கியிருக்கும், பற்றவைத்த இணைப்பில் மயிரிழை விரிசல் இருக்கும். கசியும் கருவியில் நோட்டு சரியாக "உட்காராது". அதை உதட்டாலும் காற்றாலும் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். அதுதான் உங்களைக் களைப்பாக்குகிறது.

வீட்டிலேயே பார்க்கலாம். முதலில் ஸ்லைடுகளை, அதாவது இழுத்து நீளம் மாற்றும் குழாய்த் துண்டுகளை, துடைத்துப் புது கிரீஸ் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்லைடின் கசிவையும் வால்வின் கசிவையும் பிரித்துச் சொல்ல முடியாது. பிறகு முதல் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை இரண்டு மூன்று சென்டிமீட்டர் வெளியே இழுங்கள். ஐந்து எண்ணுங்கள். இப்போது வால்வை அழுத்துங்கள். "பொப்" என்று நல்ல சத்தம் வந்தால் வால்வு காற்றைப் பிடிக்கிறது. சத்தமே இல்லை என்றால் காற்று ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்டது. ஒவ்வொரு வால்வுக்கும் இப்படிச் செய்யுங்கள். வால்வில் காற்றுத்துளை போட்ட கருவியாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

வாட்டர் கீக்கு இன்னும் எளிது. ஒரு கீழ் நோட்டை வாசித்துக்கொண்டே, கை எட்டாவிட்டால் வேறொருவரை வைத்து, கீயைத் தக்கையோடு சேர்த்து இறுக அழுத்துங்கள். ஓசை சட்டென்று தெளிந்தால் குற்றவாளி அதுதான். தக்கை மாற்றுவது ஐந்து நிமிட வேலை.

பிஸ்டன் லேசாகத் தேய்ந்திருந்தால் கெட்டியான வால்வு எண்ணெய் போட்டுப் பாருங்கள். அந்தப் படலமே இடைவெளியை அடைத்துக் கொஞ்ச நாள் ஓட்டும். நிறையத் தேய்ந்திருந்தால் பிஸ்டனுக்கு முலாம் ஏற்றி மறுபடி பொருத்த வேண்டும், அது பெரிய செலவு, யோசித்துச் செய்யுங்கள். வால்வில் மெத்தை போல இருக்கும் ஃபெல்ட்டுகளையும் பாருங்கள். அவை நசுங்கிவிட்டால் பிஸ்டனின் துளையும் குழாயின் துளையும் நேருக்கு நேர் நிற்காது, காற்று ஒரு படியில் இடறிப் போவது போல இருக்கும். கடைசியாக ஸ்பிரிங். விரல் வலிக்கிற அளவு கடினமான ஸ்பிரிங் தேவையே இல்லை. வால்வு சுத்தமாக இருந்தால் இலேசான ஸ்பிரிங்கே வேகமாக மேலே தள்ளும்.

நடைபேண்ட்:

குறுக்கே ஒரு கேள்வி. நான் நின்றும் நடந்தும் வாசிக்கிறேன், சூசாஃபோன், உடம்பைச் சுற்றித் தோளில் மாட்டும் டியூபா. துண்டு, ஸ்டாண்ட் எல்லாம் எனக்கு உதவாதே. இடது தோள் கன்றிப்போகிறது.

வெண்கலக்குரல்:

தம்பி, பித்தளை சூசாஃபோன் என்றால் முதலில் கண்ணாடியிழையில் செய்ததைக் கேட்டுப் பாருங்கள், பல கிலோ குறையும். ஓசையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், மணிக்கணக்கில் நடக்கிறவருக்கு அது நல்ல பேரம். தோளில் தடித்த பட்டை வையுங்கள், அது கழுத்தை ஒட்டி இல்லாமல் தோளின் அகலத்தில் பரவி உட்கார வேண்டும். மவுத்பீஸுக்கு முன்னால் வரும் வளைந்த துண்டுகளைத் திருப்பி, மவுத்பீஸ் நேராக உதட்டுக்கு வரும்படி வையுங்கள். பலர் அதைத் தொடுவதே இல்லை, கழுத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வாசிக்காத நேரத்தில் கழற்றிக் கீழே வையுங்கள், சும்மா சுமந்துகொண்டு நிற்காதீர்கள். வெளியில் நம் ஓசை நமக்கே கேட்காது, அதனால் தன்னை அறியாமல் அதிகமாக ஊதுவோம். தூரத்தில் போனை வைத்துப் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள், எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம் என்று புரியும்.

குவளை:

யாரும் மவுத்பீஸ் பற்றிப் பேசவில்லையே. அடிஸ்தாயி ஐயா, கொஞ்சம் சின்னதாக, துளை ஒடுங்கியதாக எடுத்தால் காற்றுச் செலவு குறையும். நான் 33 மில்லிமீட்டர் அகலத்திலிருந்து 31க்கு வந்தேன், மேல் ஸ்தாயி கை கொடுக்க ஆரம்பித்தது.

மூச்சுக்கணக்கு:

மேல் ஸ்தாயிக்குச் சரி. ஆனால் அவருக்குச் சிரமம் கீழ் ஸ்தாயியில். துளை ரொம்ப ஒடுங்கினால் கீழே அடைப்பு மாதிரி இருக்கும், அதை உடைக்க இன்னும் தள்ளுவார். மாற்றுவதாக இருந்தால் கடைசியில் மாற்றட்டும். உட்காரும் விதம், கசிவு இரண்டும் சரியாகும் முன் மவுத்பீஸை மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

குவளை:

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மவுத்பீஸின் ஷாங்க், அதாவது கருவிக்குள் செருகும் முனை, பொருந்துகிறதா என்று மட்டும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். டியூபாவில் ஒன்றுக்கு மேற்பட்ட ஷாங்க் அளவுகள் உண்டு. ஐரோப்பிய அளவு ரிசீவரில் (கருவியில் மவுத்பீஸைச் செருகும் வாய்) சின்ன ஷாங்கைச் செருகினால் உள்ளே ஆழமாகப் போய்விடும், சில நேரம் ஆடும். பழைய கருவியில் இது சகஜம்.

நான்காம்வால்வு:

நான் சொல்வது சிறியது, ஆனால் எனக்கு மிகப் பெரிய நிம்மதி தந்தது. 1-3, 1-2-3 வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி மேலே போகும், 1-2-3இல் இன்னும் அதிகம். அதை உதட்டால் கீழே இழுத்துக்கொண்டே வாசித்தால் கருவி விரும்பும் இடத்துக்கு எதிராக நாம் ஊதுகிறோம். ஓசை மங்கும், காற்றும் வீணாகும். உங்களிடம் நான்காவது வால்வு இருக்கிறது. சி நோட்டுக்கு 1-3க்குப் பதில் 4, பி நேச்சுரலுக்கு 1-2-3க்குப் பதில் 2-4. முதல் வால்வு சேரும் மற்ற நோட்டுகளில் மிச்சம் இருக்கும் சுருதி வித்தியாசத்தை முதல் ஸ்லைடை இடது கையால் இழுத்துச் சரிசெய்யுங்கள். இடது கைக்குச் சுமை இல்லாததால் இப்போது அது சும்மாதானே இருக்கும்!

மெயின் டியூனிங் ஸ்லைடும் அப்படித்தான். மொத்தக் கருவியும் கொஞ்சம் மேலே இருக்க, ஒத்திகை முழுக்க உதட்டால் கீழே பிடித்துக்கொண்டிருக்கும் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரு சென்டிமீட்டர் இழுத்தால் தீர்ந்தது.

அடிஸ்தாயி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விரிவாகவே சொல்கிறேன், பின்னால் இதே தேடலோடு வருகிறவர்களுக்கு உதவும்.

பட்டறைக்கை சொன்ன சோதனையில் முதல் மூன்று வால்வும் நன்றாகப் "பொப்" என்றன. நான்காவதில் ஒன்றுமே வரவில்லை. கிரீஸ் போட்டேன், கெட்டி எண்ணெய் போட்டேன், லேசாக ஒரு சத்தம் வந்தது. பிறகு வாட்டர் கீயை மகள் அழுத்த, நான் கீழ் பி பிளாட்டை வாசித்தேன். அந்த நிமிடம் மறக்காது. அறை நிறைந்துவிட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தக்கையைக் கழற்றினால் பாதி உதிர்ந்து தூளாக வந்தது. எத்தனை வருடமாக அப்படி இருந்ததோ. நான் என் நுரையீரலையும் வயதையும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது துண்டுக்குப் பதில் உயரம் மாற்றும் ஸ்டாண்ட் வந்துவிட்டது. ஒத்திகைத் தாள்களில் மூச்சுக் குறிகளை எல்லாம் அழித்து, முன்பு எடுத்ததற்கு இரண்டு மடங்கு இடங்களில் புதிதாகப் போட்டேன். முதல் நாள் மனம் கேட்கவில்லை, ஏதோ ஏமாற்றுவது போல இருந்தது. பேண்டை நடத்துபவர் ஒத்திகை முடிவில் இன்று பாஸ் (அடிநாதம்) உறுதியாக இருந்தது என்றார். வீட்டில் பயிற்சியை இருபது இருபது நிமிடமாகப் பிரித்துக்கொண்டேன், நடுவில் அதே அளவு ஓய்வு. தலைசுற்றல் இரண்டு முறைதான் வந்தது, இரண்டு முறையும் உடனே நிறுத்தினேன்.

தோள்பட்டை வலி போய்விட்டது. இடுப்பு வலி மட்டும் பாதிதான் குறைந்திருக்கிறது. வாசிக்கும்போது வலிப்பதில்லை, மறுநாள் காலையில்தான் தெரிகிறது.

பட்டறைக்கை:

தக்கை கதையைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. மறுநாள் இடுப்பு வலி என்றால் கருவிப் பெட்டியை எங்கே வைத்துத் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். தரையில் வைத்து, குனிந்து, 10 கிலோவைக் கை நீட்டித் தூக்கினால் முதுகுக்கு அது பத்து கிலோவாக இருக்காது. இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் பெட்டியை வையுங்கள். கருவியை உடம்போடு ஒட்ட அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள், தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள். கெட்டிப் பெட்டிக்குப் பதில் இரண்டு தோளிலும் மாட்டும் பையாக இருந்தால் இன்னும் நல்லது. படிக்கட்டு இல்லாத வழி என்றால் சக்கரம்.

அடிஸ்தாயி:

தரையில்தான் வைக்கிறேன்! ஒத்திகை அறையில் வேறு இடம் கிடையாது என்று நானே முடிவுசெய்துவிட்டேன். நாளை இரண்டு நாற்காலி கேட்டு வாங்கிவிடுகிறேன். எண்ணெய் போட்டும் நான்காவது வால்வு முழுசாகப் பிடிக்கவில்லை. முலாம் ஏற்றுவது இந்தக் கருவிக்குத் தகுமா என்று நேரில் ஒருவரிடம் காட்டிக் கேட்கப்போகிறேன்.

சின்னக்குழல்:

முடிவு எப்படி வந்தாலும் எழுதுங்கள் ஐயா. இந்த வாரம் என் ஈ பிளாட்டின் வாட்டர் கீயையும் அழுத்திப் பார்த்தேன். என்னுடையதும் கசிகிறது.